புகையும் தீட்டும்

சுயமரியாதைப் பத்திரிகைக்கு மோட்டார்ப் புகையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். சாமி, சாஸ்திரம், ஜாதி, சடங்கு ஆகியவைகளைக் கண்டிப்பதற்கல்லவா நீங்கள் பேனா பிடித்தது. கார்புரேட்டரும் ஹோஸும் பட்டறைக்காரர் சமாச்சாரமல்லவா என்றும் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்களுக்கு நாம் சொல்லுவதென்னவென்றால், மூடநம்பிக்கை என்பது கோயிலுக்குள் மாத்திரம் குடியிருப்பதல்ல. ஒரு கெடுதிக்குக் காரணம் என்ன என்று தேடிப் பார்க்காமல், யாரோ ஒருவருக்குக் காசைக் கொடுத்து அதைத் தீர்த்துவிட்டதாக மனிதன் எங்கெங்கே திருப்தி அடைகின்றானோ, அங்கெல்லாம் அது குடியிருக்கின்றது. சாக்கோட்டையில் சமீபத்தில் நமது கண்முன் நடந்த ஒரு காரியத்திலிருந்து இதை நாம் நன்றாய்க் கற்றுக்கொண்டோம். அதில் நமக்கே ஒரு தலைகுனிவும் கிடைத்தது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகின்றோம்.

நமது பிரசாரக் கூட்டங்களுக்குப் போய்வர உதவுகின்ற கார் 1998-ம் வருஷத்தியது. கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டி. சாக்கோட்டையிலுள்ள தோழர் ஒருவருக்குச் சொந்தமானது. அதற்குப் புகைச் சான்றிதழ் காலாவதியானதால் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். 1989-ம் வருஷத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-வது விதி, ஓடுகின்ற வண்டி எவ்வளவு மாசு விடலாம் என்று அளவு வைத்திருக்கின்றது. அதன்படி இம்மாதிரிப் பழைய பெட்ரோல் கார், நின்ற இடத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளிவிடும் வாயுவில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்குக்கு மேலும், எரியாத பெட்ரோலாகிய ஹைட்ரோ கார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்குக்கு மேலும் இருக்கக்கூடாது. சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

வண்டியின் பின்புறக் குழாயில் கருவியின் கம்பியைச் சொருகிப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்ஸைடு 0.4 பங்குதான். நமக்குச் சந்தோஷம். ஆனால் ஹைட்ரோ கார்பன் 2,100 என்று வந்தது. வண்டி தோற்றுவிட்டது. குழாயில் கரும்புகை ஒன்றும் இல்லை. வெறும் கண்ணுக்கு அது வெகு சுத்தமான வண்டி.

இந்தக் கணக்கு நமக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு விளங்கியதை இங்கேயே சொல்லிவிடுகின்றோம். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிந்து தீர வேண்டுமானால் அதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றுக் குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் அரைகுறையாய் எரிந்து கார்பன் மோனாக்ஸைடு ஏறும். பட்டறைக்காரர்கள் அதை 'ரிச்' என்பார்கள். காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறைந்தால் அது 'லீன்'. பெட்ரோல் குறைவாயிருக்கும்போது எரியாத பெட்ரோல் எப்படி அதிகமாய் வெளியே வரும் என்று கேட்கலாம். களத்தில் வைக்கோல் சேர்ந்து கிடந்தால் ஒரு மூலையில் வைத்த நெருப்பு மறு மூலைக்குப் போய்ச் சேரும். அதே வைக்கோலைத் தாள் தாளாய்த் தள்ளித் தள்ளிப் போட்டால் நெருப்புத் தாவ முடியாமல் பாதியிலேயே அணைந்துபோகும்; மிச்சமெல்லாம் எரியாமல் கிடக்கும். இஞ்சினுக்குள் கலவை அளவுக்கு மீறி இளகிவிட்டால் இதுவே நடக்கின்றது. பொறி விழுகின்றது, தீ பரவுவதில்லை, அந்தச் சுற்றுக்குரிய பெட்ரோல் முழுதும் அப்படியே வெளியே போய்விடுகின்றது. இதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கின்றார்கள். ஆகவே கார்பன் மோனாக்ஸைடு குறைந்தும் ஹைட்ரோ கார்பன் ஏறியும் இருந்தால், எங்கோ வேண்டாத காற்று உள்ளே போகின்றது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நிற்க. வண்டி தோற்ற செய்தி வெளியே தெரிந்தவுடன் நமக்கு மூன்று விதமான யோசனைகள் கிடைத்தன.

முதல் யோசனை தோழரின் உறவினர் ஒருவருடையது. வண்டி வாங்கிய நாள் அஷ்டமியாம். வாகன ஸ்தானத்தில் சனி பார்வையாம். 3,000 ரூபாய் செலவில் ஒரு பரிகாரம் செய்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் சரியாகிவிடுமாம். நாம் வேண்டாமென்று சொல்லியும், நாம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையன்று பழம் மாத்திரம் நசுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது யோசனை ஒரு தரகருடையது. "வண்டியக் கொண்டாரவே வேணாம்ணே. நம்பர் பிளேட்டு தெரியிற மாதிரி ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க. ஐந்நூறு ரூபா. சாயந்தரம் சர்டிபிகேட் போன்ல வந்துரும்" என்றார். அவர் முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. ஊருக்கு உபகாரம் செய்கின்றவர் போலவே பேசினார்.

மூன்றாவது யோசனை ஒரு பட்டறைக்காரருடையது. அவர் கார்புரேட்டரிலுள்ள ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினார். மறுபடியும் அளந்து பார்த்ததில் ஹைட்ரோ கார்பன் 1,600-க்கு இறங்கியது. கார்பன் மோனாக்ஸைடு 3.6-க்கு ஏறிவிட்டது. முதல் தடவை ஒன்றில் தோற்ற வண்டி இரண்டாம் தடவை இரண்டிலும் தோற்றது. ஓட்டைப் பானையை அடைக்காமல் மேலே மேலே தண்ணீர் ஊற்றின கதைதான் இது.

இந்த நிலையில் சாக்கோட்டைக்கும் புதுவயலுக்கும் நடுவில், அரிசி ஆலை லாரிகள் போய்வருகின்ற சாலையில், ஒரு சிறு பையன் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டான். தோழர் பிரேக்கை மிதித்தார். பெடல் மரக்கட்டை மாதிரி நின்றது. சீட்டிலிருந்து எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்த பிறகே வண்டி நின்றது. சைக்கிளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடந்தான் பாக்கி. பையன் பிழைத்தான்.

வீட்டில் உடனே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நினைக்கின்றீர்கள்? "நல்லவேள, எலுமிச்சம்பழம் காவு வாங்கிக்கிட்டுப் போயிருச்சு" என்றார்கள். நாம் கேட்கின்றோம்: அந்தப் பழத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தால் பிரேக்கை ஏன் கல்லாய் இறுகவிட்டது? பையன் அடிபட்டிருந்தால், "பழத்தோடு விட்டதுதான் தப்பு, பரிகாரத்தையும் செய்திருக்க வேண்டும்" என்றல்லவா சொல்லியிருப்பார்கள்? பிழைத்தாலும் சாமிக்கு லாபம், செத்தாலும் சாமிக்கு லாபம் என்கின்ற கணக்கில் உண்மை எப்படி வெளிவரும்?

அந்த வீட்டில் ஒருவர் மாத்திரம் வேறு விதமாய்ப் பேசினார். அவர் தோழரின் துணைவியார். வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டியை ஓட்டுகின்றவர். "ரெண்டு மாசமா சொல்றேன். காலையில ஸ்டார்ட் பண்ணுனா திக்கித் திக்கி ஓடுது. நிக்கிறப்பத்தான் ஆட்டம், ரோட்டுல போனா ஆட்டம் தெரியல. பிரேக்கும் அப்பருந்துதான் கட்டியாயிருக்கு. யாரு காதுல வாங்குனீங்க?" என்றார். இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் இதைச் சொன்னபோது, "பெண்கள் கிளட்சை மிதிக்கிற லட்சணம் அப்படி" என்று சிரித்தவர்களில், வெட்கத்தை விட்டுச் சொல்லுகின்றோம், நாமும் ஒருவர். நோயின் முழு லட்சணத்தையும் அந்த அம்மையார் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மறுநாள் அவரே ஒரு இளைஞரை வரவழைத்தார். ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, சாலையோரம் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருப்பவர். அவர் செய்த காரியத்தை வரிசையாய்ச் சொல்ல வேண்டியது அவசியம். ஏனெனில், பகுத்தறிவு என்றால் என்ன என்று மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் அரை மணி நேரத்தில் கையால் செய்து காட்டினார்.

முதலில் அவர் வண்டியைத் தொடவில்லை. அம்மையாரிடம் கேள்விகள் கேட்டார். எப்போது ஆடுகின்றது, எப்போது நிற்கின்றது, பிரேக் எப்போது இறுகுகின்றது என்று கேட்டுக்கொண்டார். நிற்கும்போது ஆடி, வேகத்தில் ஆட்டம் தெரியாமற் போவது ஒரு முக்கியமான குறி என்றார். இஞ்சின் மெதுவாய் ஓடும்போது அது இழுக்கின்ற காற்றே கொஞ்சம். அதில் ஒரு சிறு ஓட்டை வழியாய் வரும் திருட்டுக் காற்றும் பெரிய பங்காகிவிடும். வேகமாய் ஓடும்போது இழுக்கும் காற்று ஏராளம். அதில் இந்தத் திருட்டுப் பங்கு கரைந்துபோகும்.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். ஒழுங்காய் எரிகின்ற இஞ்சினில் அவற்றின் முனை இளம் பழுப்பாயிருக்குமாம். இதில் ஒன்று சுண்ணாம்பு தடவியது போல் வெளுத்திருந்தது. கலவை இளகிச் சூடு ஏறினதற்கு அது அடையாளம்.

அதன் பிறகு பிரேக்குக்கு வந்தார். இம்மாதிரி வண்டிகளில் காலின் பலத்துக்கு உதவியாய் 'பூஸ்டர்' என்று ஒரு உருண்டைப் பெட்டி இருக்கின்றது. இஞ்சின் காற்றை உறிஞ்சுகின்ற அதே சக்தியை ஒரு ரப்பர் ஹோஸ் வழியாய் வாங்கி, அது பெடலைச் சேர்த்து அழுத்துகின்றது. இஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலை நாலைந்து தடவை மிதித்து, காலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு இஞ்சினைக் கிளப்பச் சொன்னார். பூஸ்டர் நன்றாயிருந்தால் பெடல் தானே கொஞ்சம் கீழே இறங்க வேண்டுமாம். இறங்கவில்லை.

கடைசியாக, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஹோஸை, அது இஞ்சினை விட்டுப் புறப்படுகின்ற இடத்துக்கு அருகில், துணி சுற்றிய குறடால் இறுக்கிப் பிடித்தார். அவ்வளவுதான், திக்கித் திக்கி ஓடிய இஞ்சின் அப்படியே சமனாய் ஓடத் தொடங்கிற்று. கையை விட்டார், மறுபடியும் திக்கிற்று. மறுபடியும் பிடித்தார், சமனாயிற்று. "இங்கதாண்ணே நோவு" என்றார். ஹோஸைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தால், பூஸ்டரில் மாட்டுகின்ற முனைக்குப் பக்கத்தில் அடிப்புறமாய், மேலேயிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், விரலளவு நீளத்துக்கு வெடித்திருந்தது. இளநீரில் குழாய் போட்டு உறிஞ்சும்போது குழாயின் நடுவில் கீறல் இருந்தால் வாய்க்கு இளநீரா வரும்? காற்றல்லவா வரும்? அந்தக் காற்றுத்தான் இஞ்சினுக்குள் புகுந்து கலவையை இளக்கிற்று. அதே கீறல்தான் பூஸ்டருக்கு உறிஞ்சல் கிடைக்காமல் செய்து பிரேக்கை இறுக்கிற்று. ஒரு காரணம், இரண்டு கெடுதிகள்.

புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டார். முன்னவர் திருகி வைத்திருந்த திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாம் சேர்த்து 450 ரூபாய். மறுநாள் பரிசோதனையில் கார்பன் மோனாக்ஸைடு 1.1, ஹைட்ரோ கார்பன் 380. வண்டி தேறிவிட்டது. பெடலும் கால் வைத்தவுடன் இறங்கிற்று.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். நாம் 3,000 ரூபாய்ப் பரிகாரத்தையும் செய்து, தரகருக்கு 500 ரூபாயும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையில் சான்றிதழ் இருந்திருக்கும்; வண்டியில் குங்குமப் பொட்டு இருந்திருக்கும்; ஹோஸில் கீறலும் இருந்திருக்கும். அடுத்த தடவை எந்தப் பிள்ளை குறுக்கே வந்ததோ அந்தப் பிள்ளை செத்திருக்கும். 'விதி' என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள். எத்தனை விதிகள் இப்படி ஒரு முழ ரப்பர் ஹோஸில் எழுதப்பட்டிருக்கின்றனவோ தெரியாது!

இதுவரையில் சொன்னது சந்தோஷமான பாகம். இனித் தலைகுனிவான பாகம்.

அந்த இளைஞர் வேலையை முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த வீட்டு அப்பத்தா, "தம்பி, நீ எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டார். இளைஞர் ஊரைச் சொன்னார். தெருவைச் சொல்லத் தயங்கினார். கேள்வியின் அர்த்தம் கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். அப்பத்தா உள்பக்கம் பார்த்து, "அந்த பிளாஸ்டிக் பாட்டில்ல குடு" என்றார். வீட்டுக்காரத் தோழர் இருபது வருஷமாய் நமது மேடைகளில் ஜாதி ஒழிப்பைப் பற்றிப் பேசி வருபவர். அவர் வாய் திறக்கவில்லை. நாமும் அந்த நிமிஷத்தில் வாய் திறக்கவில்லை. கிழவியிடம் என்ன சண்டை என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொண்டோம். அம்மையார்தான் உள்ளே போய், வீட்டார் குடிக்கின்ற செம்பிலேயே தண்ணீர் மொண்டு வந்து அவர் கையில் கொடுத்து, "குடிங்க தம்பி. இன்னக்கி இந்த வீட்டு உசுரக் காப்பாத்துனது நீங்கதான்" என்றார்.

தோழர்களே! இந்த இடத்தில்தான் புகையும் தீட்டும் எதிரெதிராய் வந்து நிற்கின்றன. மோட்டார் விடுகின்ற மாசு இருக்கின்றதே, அதைக் கருவி வைத்து அளக்கலாம். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்லலாம். யார் அளந்தாலும், எந்த ஊரில் அளந்தாலும், அளப்பவர் எந்த ஜாதியானாலும் கணக்கு ஒன்றுதான். காரணத்தைக் கண்டு நீக்கினால் அளவு குறைவதையும் கண்ணால் பார்க்கலாம். ஆனால் மனிதனிடம் இருப்பதாகச் சொல்லுகின்ற தீட்டை எந்தக் கருவியால் அளப்பது? அந்த இளைஞர் தொட்ட செம்பிலும், தொடாத செம்பிலும் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தால் எந்த வித்தியாசத்தைக் காட்ட முடியும்? அளக்க முடியாத, காட்ட முடியாத, பொய்யான அழுக்குக்குப் பயந்து பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுகின்றோம். அளந்து, அச்சடித்து, கையில் கொடுத்த மெய்யான அழுக்குக்குப் பயப்படாமல் 500 ரூபாயில் மறைக்கப் பார்க்கின்றோம்!

இது ஒரு கிழவியின் குற்றம் மாத்திரமல்ல. 1930-லும் 1931-லும், சாக்கோட்டை அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில், மேல்ஜாதியார் என்பவர்கள் ஆதிதிராவிட மக்களுக்குத் தடைகள் விதித்தார்கள். பொன் வெள்ளி நகை அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது, மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பவை அவற்றுள் சில. மீறினவர்கள் குடிசை இழந்தார்கள், அடிபட்டார்கள். அந்த மண் பாத்திரந்தான் இன்று பிளாஸ்டிக் பாட்டில் என்கின்ற புது வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கின்றது. பாத்திரம் மாறிற்று, புத்தி மாறவில்லை.

நிற்க. மோட்டார் புகையைப் பற்றி 'அது கிடக்கட்டும்' என்கின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால், ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாய்ப் பிடித்துக்கொள்ளும். கதவடைத்த கொட்டகையில் இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினவர்கள் எழுந்திருக்காமற் போவது இதனால்தான். எரியாத பெட்ரோலோடு வருகின்ற பென்ஸீன் புற்றுநோய் தரக்கூடியது. இவற்றை முதலில் சுவாசிக்கின்றவர் யார்? கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருப்பவரா? இல்லை. சந்தையில் தரையில் கூடை வைத்திருக்கும் கீரைக்காரி, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளை, சாலை போடுகின்ற கூலியாள், சாக்கடை அள்ளுகின்றவர் ஆகியவர்களே. ஆகவே பொய்ச் சான்றிதழ் வாங்குவது சர்க்காரை ஏமாற்றுவது மாத்திரமல்ல. ஏழையின் மூச்சைத் திருடுவதுமாகும். பாவம் செய்தவன் பஞ்சகவ்வியம் குடித்துவிட்டால் சுத்தமாகிவிட்டான் என்று சொன்ன பிராயச்சித்த வியாபாரத்துக்கும், வண்டியைப் பார்க்காமலே 'சுத்தம்' என்று எழுதிக் கொடுக்கின்ற வியாபாரத்துக்கும் என்ன வித்தியாசம்? முன்னதில் தர்ப்பை, பின்னதில் பிரிண்டர், அவ்வளவுதான்.

இதனால் சர்க்கார் பரிசோதனையை நாம் வேதவாக்காக ஏற்றுக்கொள்ளச் சொல்லுவதாக யாரும் கருத வேண்டியதில்லை. பரிசோதனையையும் பரிசோதிக்கத்தான் வேண்டும். கலவை சற்றே லீனாகிச் சூடு ஏறும்போது நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அதிகமாகின்றன. அவை நுரையீரலைக் கெடுப்பவை. நமது புகைச் சான்றிதழ்ப் பரிசோதனையில் அவை அளக்கப்படுவதே இல்லை. அயல்நாட்டில் அளந்த இடத்திலும் மோசடி நடந்திருக்கின்றது. ஜெர்மனியின் பெரிய கம்பெனியாகிய வோக்ஸ்வாகன், பரிசோதனை நடக்கின்றது என்று தெரிந்தால் மாத்திரம் ஒழுங்காய் நடந்துகொள்ளும்படி தன் டீசல் கார்களுக்குள் ஒரு தந்திரத்தை வைத்திருந்தது 2015 செப்டம்பரில் வெளியாயிற்று. உலகம் முழுதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்தத் தந்திரம் இருந்தது. சாலையில் சில கார்கள் சட்ட அளவுக்கு 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு விட்டன. இதைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் யார்? காரின் பின்னால் கருவியைக் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்த ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள். கம்பெனி பெரிது, ஜெர்மனிக்காரன் கெட்டிக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்தால் உண்மை வெளிவந்திருக்குமா?

பழைய வண்டிக்காரர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் என்கின்ற சாராயச் சத்தைக் கலக்கின்றார்கள். 2022-ல் நூற்றுக்குப் பத்துப் பங்காயிருந்தது 2025-ல் இருபது பங்காகிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிராணவாயுவே இருப்பதால், இருபது பங்கு கலந்த பெட்ரோலுக்கு 14.7-க்குப் பதில் சுமார் 13.5 கிலோ காற்றே போதும். புது வண்டிகளில் பிராணவாயுவை அறிகின்ற கருவியும் கம்ப்யூட்டரும் இருந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அது பழைய அளவிலேயே கொடுக்கும். எனவே பழைய வண்டியெல்லாம் தானாகவே கொஞ்சம் லீன் பக்கம் சாய்கின்றது. அன்றியும், அக்காலத்து ரப்பர்களில் சில, எத்தனால் பட்டால் ஊறிக் கெட்டுப்போகும். ஆகவே பெட்ரோல் ஓடுகின்ற ஹோஸ்களையும், கேஸ்கட்டுகளையும், உறிஞ்சு குழாய்களையும் வருஷத்துக்கொரு தடவையாவது கழற்றிப் பார்ப்பது அவசியம். பூஜை போடுகின்ற நாளிலேயே அதைச் செய்தாலும் நமக்கு ஆட்சேபணையில்லை. பூஜைக்குப் பதிலாய்ச் செய்தால் இன்னும் நல்லது.

சாக்கோட்டைக்குச் சில மைல் தூரத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. கோட்டையூர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் அஸ்திவாரக்கல் நாட்டி 1953-ல் திறந்தார்கள். புகையே விடாமல் ஓடுகின்ற வண்டிக்கு வேண்டிய மின்கலங்களைப் பற்றி அங்கே ஆராய்கின்றார்கள். அந்த மதில் சுவரை ஒட்டிய சாலையிலேயே, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்ட வண்டிகள் புகை கக்கிக்கொண்டு போகின்றன. செட்டிநாட்டில் அறிவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இருந்திருக்கின்றார்கள்; கோயிலுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் கொடுத்தவர்கள் அதைவிட அதிகமாய் இருந்திருக்கின்றார்கள். எந்தப் பணம் மனிதனுக்குப் பயன்பட்டது என்பதை வாசகர்களே நிதானித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக நமது தோழர்களுக்குச் சில வார்த்தைகள். வண்டி வைத்திருப்பவர்கள் பரிசோதனை முடிந்ததும் தேறினதா, தோற்றதா என்று மாத்திரம் கேட்டுக்கொண்டு வரக்கூடாது. அளவுகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கார்பன் மோனாக்ஸைடு ஏறியிருக்கின்றதா, ஹைட்ரோ கார்பன் ஏறியிருக்கின்றதா என்பதே நோயின் பாதியைச் சொல்லிவிடும். நிற்கும்போது திக்குகின்ற வண்டியில் பிரேக் இறுகினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. பார்க்காமல் சான்றிதழ் கொடுக்க வருபவனை, பிணத்தைப் பார்க்காமல் மரணச் சான்று கொடுப்பவனைப் போல் நடத்த வேண்டும். வண்டியை ஓட்டுகின்றவர் பெண்ணாயிருந்தால் அவர் சொல்லுவதை முதலில் கேட்க வேண்டும்.

மற்றொன்று நமக்கே சொல்லிக்கொள்ளுவது. அந்த இளைஞரை அடுத்த மாதம் சாக்கோட்டையில் நடக்கவிருக்கும் நமது கூட்டத்தில் பேச அழைத்திருக்கின்றோம். "எனக்குப் பேச வராதுண்ணே" என்றார். பேச வேண்டாம், அந்த வெடித்த ஹோஸைக் கொண்டுவந்து, கண்டுபிடித்த விதத்தைச் செய்து காட்டினால் போதும் என்று சொல்லியிருக்கின்றோம். அதற்கு முன்பு, அன்று வாய் திறக்காமலிருந்ததற்காக, அதே மேடையில் நாமும் வீட்டுக்காரத் தோழரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுவோம். அப்பத்தாவையும் முன்வரிசையில் உட்கார வைப்பதாய் அம்மையார் ஏற்றுக்கொண்டிருக்கின்றார். கூட்டத்துக்கு வருகின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே பானையில், ஒரே செம்பில் தண்ணீர் வைக்கப்படும்.